பாதி வீடு

“என் வீட்டுப் பத்திரத்துல என் வீட்டுக்காரர் பேரையும் சேர்க்கணும் சார். எவ்வளவு வரி வரும்?”

ஏழாம் எண் டோக்கனை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

ஆடிட்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு பாதி திறந்திருந்த கதவைப் பார்த்தார். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு தப்பான பதில் சொல்ல மாட்டார் என்று அவரைத் தேடி வந்தவர்கள்.

“இது வீட்ல பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.”

“பேச்சை எடுத்தாலே, வரி வந்து வீட்டையே முழுங்கிடும்னு பயமுறுத்திட்டுப் பேப்பருக்குள்ள தலையை விட்டுக்கறார். மூணு மாசமா எனக்குச் சரியான தூக்கமில்லை. அதான் கட்டணத்தைக் கட்டிட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்.”

ஆடிட்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“எங்க அப்பா எனக்குக் கொடுத்த வீடு சார். அதுல பத்தொம்பது வருஷமா விருந்தாளி மாதிரி இருக்கார். சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாகூட, ‘உன் வீடு, நீதான் சொல்லணும்’ங்கறார். அவங்க அம்மா படம் பேப்பர் சுத்தி பீரோ மேலேயே கிடக்கு. எனக்குப் பார்க்கச் சகிக்கலை.”

“சேர்த்தா பாதி வீடு போயிடும். நாளைக்கே ரெண்டு பேருக்கும் ஒத்துவராம போனா, திரும்பக் கிடைக்காது. யோசிச்சீங்களா?”

“குறட்டையைத் தவிர அவர்மேல எனக்கு ஒரு புகாரும் இல்லை.”

வெளியே யாரோ சிரித்தார்கள். ஆடிட்டர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்த எழுந்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்தார்.

“முத்திரைத்தாள் செலவு, பதிவுக் கட்டணம் இருக்கு. பின்னால வித்தா, லாபத்துக்கு வரி...”

“விக்கப் போறதில்லை. சேர்க்கறதுக்கு வரி உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“இல்லை. மனைவி கணவனுக்குக் கொடுத்தா வரியே கிடையாது. முத்திரைத்தாள் செலவும் பதிவுக் கட்டணமும் மட்டும்தான்.”

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் ஒரே வார்த்தையில் இறங்கிவிட்டது. பையிலிருந்து, தான் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்த தானப் பத்திரத்தை எடுத்து விரித்தாள்.

“அவர் எங்க கையெழுத்துப் போடணும்?”

“இங்க,” என்று கடைசிக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

அவள் தாளை அவர் பக்கம் திருப்பினாள். “அப்போ போடுங்க. வீட்லதான் பொய் சொல்வீங்க, இங்க சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, வெளியே கேட்காத குரலில் சொன்னார்: “சாயங்காலம் வரும்போது ஆணி வாங்கிட்டு வர்றேன். அம்மா படத்தைக் கூடத்துல மாட்டிடறேன்.”