கையில் நிற்கும் பணம்

செந்தமிழ்செல்வன் இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பங்கு விற்றிருந்தான். ஒருவர்கூட அவனை ஒரு கேள்வி கேட்டதில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் அவன் அலுவலகம். வாசலில் ‘அலைமுத்து சீஃபுட்ஸ்’ என்று பளபளப்பான பலகை. இன்னும் ஆறு மாதத்தில் கம்பெனி பங்குச் சந்தைக்கு வரப்போகிறது, இப்போது வாங்கினால் நூறு ரூபாய், வந்த பிறகு நானூறு. இதைத்தான் எல்லோரிடமும் சொல்வான். நெல்லிக்குப்பத்தில் கரும்புப் பணம் வாங்கிய கையோடு வந்தவர்கள் உண்டு. படகை விற்றுவிட்டு வந்தவர்களும் உண்டு. பேச்சுக்கு நடுவே இரண்டு முறை ‘எண்டர்பிரைஸ் வேல்யூ’, ஒரு முறை ‘ஃப்ரீ கேஷ் ஃப்ளோ’ என்று சொல்லிவிட்டால் போதும், பேனாவை எடுத்துவிடுவார்கள். அதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியாது. கம்பெனிக்கென்று ஒரு வலைகூடக் கிடையாது.

அன்று காலை வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, குட்டையாக வெட்டிய முடி. பெயர் ஆரோக்கிய ராணி, ஊர் சிதம்பரம் என்றாள். அவன் உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தாள்.

“எண்டர்பிரைஸ் வேல்யூ பத்தியெல்லாம் பேசுறீங்களாமே. எவ்ளோ வருது?”

“ரொம்ப ஜாஸ்தி வருது மேடம்.”

“நானே போட்டுக்கறேன். மொத்தம் எத்தினி பங்கு?”

“பத்து லட்சம்.”

“நூறு ரூபா வீதம் பத்து கோடி. இதோட கடனைக் கூட்டி, கையிருப்பைக் கழிக்கணும். முழுக் கம்பெனியையும் ஒருத்தர் வாங்கினா நிஜமா எவ்ளோ ஆவும்னு அப்பதான் தெரியும். கடன் எவ்ளோ?”

“கடனே இல்ல மேடம்.” நிமிர்ந்து சொன்னான். அது மட்டும் உண்மை. எந்த வங்கியும் அவனுக்குக் கொடுத்ததில்லை.

“கையிருப்பு?”

“எழுவது லட்சம்.”

“அப்ப ஒம்போது கோடி முப்பது லட்சம்.” நோட்டில் எழுதிக்கொண்டாள். “மெஷின், கட்டடம்?”

“துறைமுகத்துல பெரிய கோல்டு ஸ்டோரேஜ் ஒண்ணு…”

“நேத்து பூரா துறைமுகத்துலதான் சுத்தினேன்.”

செந்தமிழ்செல்வன் மேஜைமேல் இருந்த நோட்டீஸ்களை அடுக்கத் தொடங்கினான். அதற்குள் அவள் போன் அடித்தது.

“உள்ளதான் இருக்கேன். ஆமா, இந்த ஆளேதான். பத்து நிமிஷம் கழிச்சு ரெண்டு பேரும் மேல வாங்க.”

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கீழே ஒரு வெள்ளைக் கார், பக்கத்தில் விறைப்பாக நிற்கும் டிரைவர். பொருளாதாரக் குற்றப் பிரிவு. வேறு யார் இப்படி வருவார்கள்? எட்டாவது படிக்கும் மகள் நினைவுக்கு வந்தாள். மனைவி திலகவதி, புருஷன் இறால் ஏற்றுமதி செய்கிறான் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

“ஜனங்களுக்குக் காட்டுற கணக்கு வேணாம்,” என்றாள் ஆரோக்கிய ராணி. “உங்க கைப்பட எழுதுற நோட்டை எடுங்க.”

எடுத்துக் கொடுத்தான். பொய் சொல்லித் தப்பலாம் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. அவள் பக்கம் பக்கமாகப் படித்தாள்.

“போன வருஷம் வந்தது தொண்ணூத்தஞ்சு லட்சம். எல்லாம் பங்கு வித்த பணம்.”

“ஆமாங்க.”

“பங்கு வித்த பணத்தை வருமானத்துல சேக்கக் கூடாதும்பாங்க. ஆனா உங்க தொழிலே பங்கு விக்கறதுதான். சேத்துக்கலாம். வாடகை, கரண்டு, டீ, நோட்டீஸ் எல்லாம் பன்னெண்டு லட்சம். மெஷின் சைபர், வட்டி சைபர். நீங்க வீட்டுக்கு எடுத்ததைக் கழிக்காம, மீதி எம்பத்து மூணு லட்சம் கையில நிக்கிது. இதுக்குப் பேருதான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ.” மறுபடியும் எழுதினாள். “ஒம்போது முப்பதை இதால வகுத்தா பதினொண்ணு. அப்ப பதினோரு வருஷம்.”

“பதினோரு வருஷமா?” அவன் நாற்காலியின் நுனிக்கு வந்தான். “கொறைக்க முடியாதுங்களா மேடம்?”

“நீங்க ஒத்துழைச்சா ஏழெட்டு வருஷத்துல முடிஞ்சிடும்.”

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். செந்தமிழ்செல்வன் எழுந்து நின்று இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

“என் பொண்ணுக்கு மட்டும் தெரிய வேணாம் மேடம். ஜீப்பு வேணாம், ஆட்டோவுலயே வந்துடறேன்.”

வந்தவர்களில் ஒருவர் நீட்டிய கையில் பேனாவைச் செருகினார். மற்றவர் முத்திரைத்தாள்களை மேஜைமேல் பரப்பினார்.

“இவர் எங்க ஆடிட்டர், அவர் வக்கீல்,” என்றாள் ஆரோக்கிய ராணி. “நூத்துக்கு அம்பத்தொரு பங்கு நான் எடுத்துக்கறேன். போட்ட காசு ஏழெட்டு வருஷத்துல திரும்பினா போதும். நீங்களே எம்.டி.யா இருங்க. அடுத்த வருஷம் உங்க கம்பெனியையும் எங்க கம்பெனியையும் ஒண்ணாச் சேத்து, நிஜமாவே மார்க்கெட்டுக்குக் கொண்டு போறோம்.”

அவனுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தான். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

“மேடம், எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. நீங்க ஏமாந்துடப் போறீங்க.”

“எங்ககிட்ட எல்லாமே இருக்கு சார். கிள்ளை ரோட்டுல இறால் ஃபேக்டரி, நானூறு ஆளு, ஜப்பான் ஆர்டர். பேங்க்காரன் கேக்கற ஃப்ரீ கேஷ் ஃப்ளோதான் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு ரூபா இல்ல.”