செகண்டுல நிக்காத வண்டி

“ஏன் பாய், மெக்கானிக்குன்னு போர்டு மாட்டிக்கினு குந்தியிருக்கியே, வெக்கமா இல்ல ஒனக்கு?”

கள்ளக்குறிச்சியில் ஒர்க்‌ஷாப் இருந்த ரோட்டோடு போன சைக்கிள்காரர்கள்கூட காலை ஊன்றி நின்றுவிட்டார்கள். அப்படி ஒரு கத்தல் கத்தினான் பாவாடை.

வண்டி பழைய அம்பாசடர். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் காலத்து மாடல். அதை வெள்ளிமலைக்கு வாடகை ஓட்டித்தான் பாவாடை வீட்டில் அடுப்பு எரிகிறது.

மெக்கானிக் ஜான் பாஷா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “இப்ப இன்னாப்பா ஆச்சி?”

“இன்னா ஆச்சா? கியரு லொடலொடன்னு ஆடுது. மலை எறங்கறப்ப செகண்டுல தள்னா நிக்க மாட்டேங்குது. நழுவி நியூட்ரலுக்கு வந்துடுது. முந்தாநேத்து வளைவுல வண்டி பிச்சிக்கினு ஓடிச்சி. பள்ளத்துல போய் வுழுந்திருந்தா நீயா வந்து பொணத்தத் தூக்குவ?”

“புஷ்ஷு மாத்தனேன். ராடும் புதுசாப் போட்டேன். நேத்து ஒங்கூட மலை வரைக்கும் வந்தும் பாத்தேன்.”

“பாத்து கிழிச்ச!”

எதிர் டீக்கடை நாராயணசாமிக்குச் சண்டை என்றால் சர்க்கரை போடாமலே டீ இனிக்கும். கிளாஸும் கையுமாக நடுரோட்டுக்கே வந்துவிட்டார்.

“ஒரு காலத்துல பாய் கைய வச்சா வண்டி பேசும்னுவாங்க. இப்ப பாரு. வயசு ஜாஸ்தி ஆயிட்டா கம்முனு வூட்ல இருக்கணும்.”

நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஒரு கியர். அதைப் போய் இத்தனை நாளாக நோண்டிக்கொண்டிருந்தால்?

பாவாடையின் குரல் சட்டென்று இறங்கியது.

“பாய், நாளைக்குக் காலைல அம்மாசி மருமவள வெள்ளிமலையிலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு எறக்கணும். நெற மாசம். அவன் என் வண்டியத்தான் நம்பிக்கினு இருக்கான். எப்பிடியாவது இன்னிக்கு சரி பண்ணிக் குடுத்துடு பாய்.”

ஜான் பாஷா பானெட்டைத் தூக்கினார். கியர் ராடைக் கழற்றி மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டார்.

“என்னால ஆவாது பாவாடை.”

“இன்னாது?”

“இது இன்னா பால்ட்டுன்னு எனக்குப் புடிபடல. மெட்ராஸ்லேர்ந்து சாமான் வரணும். எப்ப வரும்னும் தெரியாது. அம்மாசி மருமவளுக்கு சின்னக்கண்ணு ஜீப்ப அனுப்பு.”

பாவாடை அழுதுவிடுவான் போல இருந்தான். “அடப்பாவி, ராடயும் கழட்டிப்புட்டியே! நான் வேற மெக்கானிக்குகிட்டகூட ஓட்டிக்கினு போவ முடியாதே! என் வயித்துல ஏன் பாய் மண்ண போடற?”

கூட வந்திருந்த அவன் பெண்டாட்டி குஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

“பாய், எங்க புள்ளைங்க மூஞ்சப் பாத்தாவது செஞ்சி குடுங்க. இந்த வண்டி ஓடலன்னா நாங்க குடும்பத்தோட நாண்டுக்கினுதான் சாவணும்.”

“எனக்கு வேல தெரியலம்மா. போதுமா? வேல தெரியல.”

“அவரு வாயாலயே சொல்லிட்டாரு, கேட்டுக்குங்கப்பா!” என்றார் நாராயணசாமி.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து டிராக்டரைக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்திக் காத்திருந்த ஒரு கரும்புக்காரர், சத்தமில்லாமல் திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போய்விட்டார். ஜான் பாஷா அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு ராடைக் கழுவ உட்கார்ந்தார்.

“த்தூ!” தரையில் துப்பிவிட்டு, சின்னக்கண்ணுவைத் தேடிக்கொண்டு ஜீப் ஸ்டாண்டு பக்கம் போனான் பாவாடை. வேடிக்கை முடிந்தது. கூட்டமும் கலைந்தது.

கொஞ்ச தூரம் அவன் பின்னாலேயே போன குஞ்சம்மாள், பையை மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். பக்கத்தில் யாரும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“பாய்…”

“நீயும் திட்டணும்னா திட்டிட்டுப் போம்மா.”

“கியரு நல்லாதான இருக்குது?”

ஜான் பாஷா நிமிர்ந்து பார்த்தார்.

“அவரு எதிர்ல அப்பிடி கெஞ்ச வேண்டியதாப் போச்சி. அவருக்கு எடது கைதாங்க போயிடுச்சி. நரம்பு செத்துப்போச்சாம். இனிமே வராதுன்னு ஆஸ்பத்திரில என்னைத் தனியா கூப்ட்டு சொன்னாங்க. அவருகிட்ட எந்த வாயால சொல்றது? காலைல வேட்டிகூட நான்தான் கட்டி வுட்டேன். கேட்டா, லூஸு கியர இழுத்து இழுத்துக் கை அசந்துபோச்சாம். பாய் கியர சரி பண்ணிட்டா கையும் சரியாயிடுமாம். அத நம்பித்தான் அவரு சோறு துன்னுறாரு.”

“தெரியும்மா.” ஜான் பாஷா ராடைக் கீழே வைத்தார். “நேத்து பக்கத்துல குந்திக்கினு பாத்தேனே. கை கம்பி மேலதான் இருக்குது, விரலு மூடல. வரும்போது நான்தான் ஓட்டிக்கினு வந்தேன். ஒரு எடத்துலகூட நழுவல. அந்தக் கையோட புள்ளத்தாச்சிய எறக்க வுடுவனா? அதான் ராட கழட்டினேன்.”

குஞ்சம்மாள் உடைந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

“எங்களால ஒங்க பேரு கெட்டுப்போச்சி. இருந்தாலும் வெக்கத்த வுட்டுக் கேக்கறேன் பாய். இன்னும் கொஞ்ச நாளைக்கு, ஒங்களுக்கு வேல தெரியாதுன்னே சொல்லிக்கினு இருங்க.”