அணில் தைத்த ஓலைச்சரம்

கூடு கட்டுவது பற்றிப் பறவைகள் ஒன்றுக்கொன்று எழுதிய ஓலைகளை வரிசையாகத் தைத்துச் சரமாக்கி, அணில் தன் பொந்தில் வைத்திருந்தது. நடுநடுவே தானும் எழுதிச் சேர்க்கும்; யார் கேட்டாலும் படிக்கக் கொடுக்கும். மைனா மட்டும் மொத்தச் சரத்தையும் பார்த்து எழுதி எடுத்துப் போனது.

"வேலையத்தவளே, இதுதான் இங்கேயே இருக்கே!" என்று சிரித்தது அணில்.

ஒரே மழையில் பொந்து நிறைந்து ஓலையெல்லாம் கூழாகிவிட்டது. கூடு கட்டும் பருவம் வேறு. அணில் தேம்பிக்கொண்டிருக்க, மைனா தன் சரத்தைக் கொண்டுவந்து விரித்தது.

அணில் படித்துப் பார்த்தது. "ஏன்டி, காக்காயை நான் திட்டினதையுமா எழுதுவே? அதை விட்டிருக்கலாமே!"

"நடுவில் ஒண்ணை உருவினா மிச்சமும் அவிழ்ந்துடும் அண்ணே."

அணில் தலையைச் சொறிந்தது. பிறகு, "அன்னிக்கு நான் பேசினது தப்பு காக்காயண்ணே" என்று புது ஓலையில் எழுதிக் கடைசியில் தைத்தது.

அன்றைக்கே பறவைகளெல்லாம் வந்து ஆளுக்கொரு சரம் எழுதிக்கொண்டன. முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது காக்காய்தான்.