திருக்கயிறு

வாடை ஓய்ந்து, சோளகக் காற்று புழுதி அள்ளிவர, பாப்பாமோட்டை வயல்கள் வாய்பிளந்து கிடந்த வைகாசி. மறிச்சுக்கட்டிக்கு முத்துக்குளிக்கப் போன வள்ளிநாச்சியின் கணவன் மீளவில்லை. அவன் கடலில் மூழ்கியபோது தோணியில் நின்று அவனுடைய கயிற்றைப் பிடித்திருந்தவன் அவன் தம்பி வைரவன். “அண்ணை இனி வரான்” என்று வயலைக் கேட்டு வந்தவனிடம், தேவார ஏட்டில் கயிறு சார்த்தி, அது விழும் பாட்டில் இறைவாக்குக் கேட்கச் சொன்னாள் வள்ளிநாச்சி. கயிற்றுப் பெட்டியில் ‘திருக்கயிறு’ என்று எழுதியிருந்தாள்.

“நூலுக்கும் ‘திரு’வோ, மச்சாள்?” என்று சிரித்தபடி, வைரவன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறுநுனியை ஓலைகளுக்கிடையே விட்டான்.

ஏட்டுக்குள்ளிருந்து கயிறு வெட்டி வெட்டி இழுபட்டது. மேலே தூக்கச் சொல்லி முத்துக்குளிப்போர் காட்டும் குறி அது.

வைரவன் கைவிட்டான்.

“அண்டைக்குக் கடலிலையும் இப்பிடித்தானோ, தம்பி?”

வள்ளிநாச்சி கயிற்றை எடுத்துக் கண்களில் ஒற்றி, ஏட்டுக்குத் திருநீறு சார்த்தினாள்.

“இந்த இழுப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு நீ நெடுங்காலம் இருக்கவேணும்” என்றாள்.