ஐஸ் வாளியில் ஒரு கை

மூளையில் வலி போய் உட்காரும் இடத்தை முந்திக்கொண்டு அடைக்கும் மருந்து அது. தூத்துக்குடியில் இன்றும் தோற்றால், டாக்டர் இசபெல்லாவின் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள்.

சோதனைக்கு வந்திருந்த ரோச்சுக்கு ஊசி போட்டு, அவன் கையை ஐஸ் வாளிக்குள் வைத்தாள்.

"வலிச்சா உடனே சொல்லணும்ண்ணே."

"சரிம்மா."

இரண்டு நிமிடத்தில் மருந்து மயக்கத்தில் அவன் கண்கள் செருகின. உதடு அசைந்தது.

"வலி... வலி..."

இசபெல்லாவுக்கு உயிரே போயிற்று. 'பலனில்லை' என்று எழுதிவிட்டு அவன் கையை எடுக்கப் போனாள்.

துணைக்கு வந்திருந்த மச்சான் வளன் சிரித்தான். "ஏலே, சங்கு கெடச்சுதா?"

"பை நெறஞ்சிட்டு மச்சான்... வலி!"

"கனவுல கடலுக்குள்ள முங்கிக் கெடக்கான் டாக்டரம்மா. 'வலி'ன்னு கயித்த இழுக்கச் சொல்லுதான். தோணியில கயிறு வலிக்கது நாந்தான?"

இசபெல்லா எழுதியதை அடித்தாள். இதே சொல்லைச் சொன்னதற்காக இதற்கு முன் தோல்வி என்று அவள் கழித்துப்போட்ட பதினோரு பேரும் சங்கு குளிப்பவர்கள்தான்.