கிணற்றில் ஊற்றிய தண்ணீர்

"நிறுத்தாதப்பா, ஊத்து! இன்னும் ஊத்து!"

டேங்கர் லாரியின் தடித்த குழாய், தையற்கார அக்காவின் கொல்லைக் கிணற்றுக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துப் பழகிய ஓட்டுநருக்கு, கிணற்றுக்கே தண்ணீர் கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை.

"தப்பா நினைக்காதீங்க சார். உள்ள மீன் ஏதும் வளக்கிறீங்களா?"

"என் வேலையைக் காப்பாத்திக்கிறேன். நீ ஊத்து."

அவர் பக்கத்து வேலையிடத்தின் மேலாளர். சோற்றை மெல்லவும் வரைபடத்தைப் பிரிக்கவும் பொறுமை இல்லாதவர் என்பதால், முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'அவசரம்'.

கொல்லையை ஒட்டிய தகர வேலிக்கு அந்தப் பக்கம் நிலத்தடி ரயில் நிலையம் வரப்போகிறது. தோண்டும் பள்ளத்தில் ஊற்று நீர் புகாமலிருக்க, சுற்றிலும் மண்ணுக்குள்ளேயே வளையமாக ஒரு தடுப்புச் சுவர் கட்டியிருந்தார்கள். ஆழமாய் அகழி வெட்டி, ஓரம் சரியாமலிருக்கக் களிமண் கூழை நிரப்பி, கூழுக்கு அடியிலிருந்து காங்கிரீட்டை ஏற்றிக் கட்டிய சுவர்.

கட்டியதும் மண் போட்டு மூடியாயிற்று. இனி அது நல்ல சுவரா, ஓட்டைச் சுவரா என்பதைத் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். பம்பு போட்டு இறைக்கும்போது வளையத்துக்கு உள்ளே நீர் இறங்கி, வெளியே உள்ள கிணறுகள் அப்படியே இருந்தால் சுவர் தேறிவிட்டது.

அவசரம் பொறுப்பேற்றதே சுவரை மூடிய பிறகுதான். பழைய மேலாளர் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "ஒரு இடத்துல அகழி சரிஞ்சுது. இன்னொரு இடத்துல காங்கிரீட்டோட களிமண் கலந்திருக்குமோன்னு சந்தேகம். எதுக்கும் பாத்துக்குங்க."

'எங்கே?' என்று கேட்பதற்குள் அந்த மனிதர் வண்டியேறிவிட்டார்.

இன்று காலை, பயந்தது நடந்தது. தையற்கார அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"உங்க பம்பு ஓட ஆரம்பிச்சதுலேருந்து என் கிணறு வத்திப்போச்சு. முன்ன, வாசல்ல அந்த ராட்சச மெஷினை நிறுத்தி அகழி வெட்டினீங்க, கதவைத் திறந்தா சேறு. இப்போ கொல்லையில தண்ணியும் இல்ல. நான் வீட்டை உங்களுக்குக் காலி பண்ணிக் குடுக்கிற வரைக்குமாவது நிம்மதியா இருக்கக் கூடாதா?"

'வத்திப்போச்சு' என்றதற்குப் பிறகு அவசரத்தின் காதில் எதுவும் ஏறவில்லை. வேலிக்கு வெளியே கிணறு வற்றுகிறதா? அப்படியானால் சுவர் சல்லடை! மத்தியானம் சோதனை அதிகாரி வருகிறார். இதுவோ மாமனார் நாலு பேர் காலைப் பிடித்து வாங்கிக்கொடுத்த வேலை. போனால், மனைவி மன்னித்தாலும் மாமியார் மன்னிக்கமாட்டார்.

சுவரைத் திரும்பக் கட்ட நேரமில்லை. கிணற்றை நிரப்ப நேரமிருந்தது.

லாரிகள் வந்தன, போயின. அக்கா வீட்டிலிருந்த குடம், அண்டா, வாளி எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டாள். கடைசி லாரி தெருமுனை திரும்பவும் அதிகாரியின் வண்டி வரவும் சரியாக இருந்தது.

அந்த அதிகாரி அம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்துக் கிணறுகளையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியாக இந்தக் கிணற்றில் நாடாவை இறக்கினார். மேலே இழுத்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் இறக்கினார்.

"பம்பு ஓடுதுதானே?"

"நிக்காம ஓடுது மேடம்!"

"மத்த கிணறு எல்லாம் பாத்துட்டேன். ஒரு குறை இல்ல. இவ்வளவு நல்ல சுவரைப் பாத்து நாளாச்சுன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்."

அவசரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஈரச் செருப்புக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இதையும் நல்லாப் பாருங்க மேடம். ஒரு சாண் இறங்கியிருக்கா? கையால மொள்ளலாம்!" என்றார்.

"அதைத்தான் பாக்கிறேன். இந்தப் பக்கம் சுவர் முழுக்கப் போச்சு. திரும்பக் கட்டணும்."

"என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? கிணறுதான் நிறைஞ்சு நிக்குதே!"

அதிகாரி நாடாவைச் சுருட்டிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், சுவர் வாசல் பக்கம்தான் போகுது. இது சுவருக்கு உள்ள இருக்கிற கிணறு. வத்தியிருக்கணும்!"