தெளிந்த படம்

படம் சட்டென்று தெளிந்தது.

முசொண்டா கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள். இதுவரை அந்தச் சுரங்க முனை கஞ்சிக்குள் விழுந்த நிழல் போலத்தான் திரையில் தெரியும். இப்போது பாறையில் இறங்கும் நீர்த்துளியைக்கூடப் பின்தொடர முடிந்தது.

செய்தது சின்ன வேலைதான். கீழே சுரங்கம் முழுக்கத் தொங்கும் வைஃபை பெட்டிகளுக்கு அலைவரிசையை அகலப்படுத்தினாள். வேகத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு டிக்கை எடுத்தாள். 'பழைய கருவிகளையும் அனுமதி.'

கேமராக்கள் புதியவை. பழையது எதுவும் அவள் நினைவுக்கு வரவில்லை.

பக்கத்து மேசையில், பிள்ளையின் பெயரால் எல்லோரும் கொம்பேயின் அப்பா என்றே அழைக்கும் பெரியவர் விசிலடித்தார். வெடி அவர் பொறுப்பு. கீழே யார் யார், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர் திரை காட்டும். ஒருவர்கூட இல்லையென்றால் அவர் வெடிச் சாவியைத் திருப்பலாம். சுரங்க வாசலில் ஆளுக்கொரு பெயர் வில்லை மாட்டி எண்ணும் வழக்கம் போன வருடமே நின்றுவிட்டது.

"பாத்தியா, பூஜ்யம்! மேட்ச்னா போதும், எலி மாதிரி வெளிய ஓடிட்டானுங்க."

ரேடியோவில் ஆட்டம் ஆரம்பித்திருந்தது. கிட்வே அணிக்கும் என்டோலா அணிக்கும். அவர் சட்டைப்பையில் டிக்கெட் எட்டிப் பார்த்தது.

"நீயும் வாம்மா. ரெண்டாவது பாதியாவது பாக்கலாம்."

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார்.

முசொண்டா சிரித்துவிட்டு மறுபடி படத்துக்குத் திரும்பினாள். பாறை ஓரம் ஒரு பெஞ்சு. அங்கே ஒரு பெஞ்சு இருப்பதே இன்றுதான் தெரிந்தது. அதன்மேல் ஒரு தகரக் குவளை. குவளையிலிருந்து ஆவி, யாரோ யோசிப்பதுபோல், மெல்லிசாக எழுந்து வளைந்தது.

அழகாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

பிறகுதான் தோன்றியது, அந்த டீயை ஊற்றியது யார்?

சாவி துளைக்குள் போகும் சத்தம் கேட்டது.

தலைவிளக்குகள். ஒவ்வொருவரின் தொப்பியிலும் இருக்கும் விளக்குதான், நான் இங்கே இருக்கிறேன் என்று வைஃபை பெட்டிகளுக்குச் சொல்லும். அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே வாங்கிய விளக்குகள். பழைய கருவிகள்.



"கொம்பே அப்பா, திருப்பாதீங்க."

"ஏன், உன் டீம் தோக்குதா?"

"அந்த டீ. ஆவி பறக்குது பாருங்க."

அவர் பார்த்தார். சிரிப்பு வாயில் இருந்தது, கண்ணில் இல்லை.

இடது கையால் அந்த முனையின் தொலைபேசியைக் கூப்பிட்டார். வலது கை சாவியிலேயே இருந்தது. மணி அடித்தது. மறுபடி அடித்தது. படத்தில் பெஞ்சு, குவளை, ஆவி.

"யாருமில்ல," என்றார். அவருக்கே கேட்காத குரலில்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. குவளையை எடுத்தது.

"யாருப்பா?" தொலைபேசியில் மூச்சு வாங்கும் குரல். "சீக்கிரம் சொல்லு, ஸ்கோர் என்ன?"

கொம்பேயின் அப்பா சாவியை உருவப் பார்த்தார். முதல் முறை வரவில்லை. பிறகு வந்தது. அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு எழுந்து வந்து அவள் தலைமேல் கை வைத்தார்.

"உன் படம் மட்டும் இவ்வளவு தெளிவா இல்லேன்னா..." திரையைக் காட்டினார். "அத்தனை பேரையும் காப்பாத்திட்டம்மா. இதை இப்படியே வை. யார் சொன்னாலும் தொடாதே."

அவள் கை மவுஸ் மேல் இருந்தது. அம்பு, 'பழைய கருவிகளையும் அனுமதி' என்ற காலிக் கட்டத்தின்மேல்.

இப்படியே வைத்தால் நாளைக்கும் அவர் திரை பூஜ்யம்தான் சொல்லும்.

டிக்கைப் போட்டாள்.

படம் மறுபடி கஞ்சியானது. கை போனது, குவளை போனது, பெஞ்சு போனது.

பக்கத்துத் திரையில் ஒரு பெயர் வந்தது. இன்னொன்று. பிறகு தகரக் கூரையில் மழை பிடிப்பதுபோல் பெயர்கள்.

கொம்பேயின் அப்பா பெயர்களைப் பார்த்தார். மங்கிப்போன படத்தைப் பார்த்தார். பிறகு மவுஸ் மேல் இருந்த அவள் கையை.

ரேடியோவில் யாரோ கோல் அடித்தார்கள். இருவரும் திரும்பவில்லை.